வெடிமருந்தும் வேண்டாம், வெடிச்சத்தமும் வேண்டாம்: பிள்ளைகளுக்கு ஒரு ரொக்கெட் செய்ய வழி சொல்லுங்கள்

வாசிகசாலைத் தம்பி (ஞாயிறு, இரவு 8.40)

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஞாயிறு பின்னேரங்களில் பிள்ளைகளை வைத்து ஏதாவது செய்வது வழக்கம். பதினான்கு பேர் வருகிறார்கள். மூத்தவனுக்கு வயது 13, கடைக்குட்டிக்கு 7. தைப்பொங்கலுக்குப் பட்டம் கட்டினோம். பட்டக் காலம் முடிந்துவிட்டது. இப்போது ரொக்கெட் செய்தே ஆகவேண்டும் என்று நிற்கிறார்கள்.

இன்று கடதாசிக் குழல் ஒன்றை இறப்பர் நாடாவில் மாட்டி, இழுத்து விட்டுக் காட்டினேன். நன்றாகத்தான் பறந்தது. தரம் 4 படிக்கும் ஒரு பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "இது கெற்றப்போல்தானே மாமா, ரொக்கெட் தானாக அல்லவா போகும்?" என்று கேட்டாள். மறுபேச்சு வரவில்லை. சுண்டல் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஆகவே உண்மையாகவே தானாகப் போகும் ஒன்று வேண்டும். வெடிமருந்து, தீப்பெட்டி மருந்து எதுவும் கூடாது. ஊரில் கிடைக்கும் சாமானில் முடியவேண்டும். இன்னொன்று: பெரிய சத்தம் வரக்கூடாது. வாசிகசாலைக்குப் பக்கத்து வளவில் ஒரு அம்மம்மா இருக்கிறார். தீபாவளி வெடிக்கே இன்றும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஏன் என்று இங்கே யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

சுண்ணக்கட்டி (ஞாயிறு, இரவு 9.25)

தம்பி, அந்தப் பிள்ளைக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கேள்வி நூற்றுக்கு நூறு சரி. கெற்றப்போலில் விசை கையில் இருக்கிறது. கல் வெளியே வந்த பிறகு அதற்குச் சொந்தமாக ஒன்றுமில்லை. ரொக்கெட் தன்னிடம் இருப்பதையே பின்னால் வீசி எறிந்து முன்னால் போகிறது. எதை எறிகிறது என்பது முக்கியமில்லை. புகை, காற்று, தண்ணீர், எதுவானாலும் சரி. போத்தலைக் காலால் மிதித்துக் கடதாசிக் குழலைப் பறக்கவிடும் விளையாட்டும் இப்போது பிரபலம். அதுவும் ரொக்கெட் இல்லை, ஊதுகுழல்தான்.

பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல உதாரணம் வள்ளம். குருநகர்க் கரையில் கட்டாத வள்ளத்திலிருந்து கரைக்குக் குதித்தவர்களுக்குத் தெரியும், நாம் முன்னால் போக வள்ளம் பின்னால் போகும். (கால் எட்டாமல் தண்ணீருக்குள் விழுந்த அனுபவம் எனக்கும் உண்டு.) தாக்கமும் மறுதாக்கமும் அவ்வளவுதான்.

வெளியே வரும் காற்று வெளிக்காற்றில் முட்டித்தான் ரொக்கெட் போகிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பெரியவர்களுக்கே அந்தத் தவறு நடந்திருக்கிறது. வெற்றிடத்தில் ரொக்கெட் வேலை செய்யாது என்று 1920இல் நியூயோர்க் ரைம்ஸ் ஆசிரியத் தலையங்கம் அமெரிக்க ரொக்கெட் ஆராய்ச்சியாளர் ரொபர்ட் கொடார்ட்டைக் கேலி செய்தது. 1969 ஜூலை 17 அன்று, அப்பலோ 11 சந்திரனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, அதே பத்திரிகை வருத்தம் தெரிவித்துத் திருத்தம் போட்டது. அதைப் பார்க்க கொடார்ட் உயிரோடு இல்லை.

கறிவேப்பிலை (ஞாயிறு, இரவு 10.05)

சின்னவர்களுக்குப் பலூனில் தொடங்குங்கள் தம்பி. என் மூன்றும் விடுமுறையில் இதைத்தான் செய்துகொண்டிருந்தன. முருங்கையிலிருந்து கிணற்றுக் கட்டுத் தூண்வரைக்கும் தங்கூசி நூல் இழுத்துக் கட்டினோம். நூலில் ஒரு குழல் கோத்து, குழலின் கீழே ஊதிய பலூனை ஒட்டவேண்டும். வாயை விட்டால் நொடியில் மறுபக்கம் போய் நிற்கும். குழலுக்கு நாங்கள் பப்பாசி இலைக் காம்பு வெட்டினோம். பச்சையாக இருக்கும்போது நன்றாக வழுக்கும், அடுத்த நாள் வாடிப்போய் நூலைக் கவ்வும். தினமும் புதிதாக வெட்டுங்கள். சணல் கயிறு உதவாது, உராய்வு கூட. நீளப் பலூன் உருண்டைப் பலூனைவிட நேராகப் போகும்.

நூல் இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எங்களுடையது குசினிக்குள் போய்ச் சோற்றுப் பானைக்குள் விழுந்தது.

ஸ்காபரோ வாசி (திங்கள், அதிகாலை 3.15)

இங்கே கனடாவில் விளையாட்டுச் சாமான் கடையில் பெட்டியோடு விற்கிறார்கள். உள்ளே மருந்து அடைத்த சின்ன இயந்திரம் இருக்கும், மின்கம்பி பூட்டித் தூரத்தில் நின்று பற்றவைக்கலாம். நூறு மீற்றருக்கு மேலே போய்ப் பரசூட் விரித்து இறங்கும். ஆடியில் வருகிறேன், நாலைந்து கொண்டு வரட்டுமா?

சைக்கிள் கடை (திங்கள், காலை 7.10)

கொண்டு வாருங்கள் அண்ணை. விமான நிலையத்தில் "பெட்டிக்குள் என்ன?" என்று கேட்டால் "ரொக்கெட்" என்று சொல்லுங்கள். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

வாசிகசாலைத் தம்பி (திங்கள், மதியம் 12.30)

ஸ்காபரோ அண்ணை, மனதுக்கு நன்றி, ஆனால் மருந்து என்று ஒன்று உள்ளே இருந்தால் இங்கே பெற்றோரே விடமாட்டார்கள். பலூன் வரும் ஞாயிறு கட்டாயம். ஆனால் பெரியவர்களுக்கு அது போதாது, மேலே போகவேண்டும் என்பார்கள். வினாகிரியும் அப்பச்சோடாவும் கலந்து விடும் ரொக்கெட் பற்றி ஒருவர் சொன்னார். யாராவது செய்திருக்கிறீர்களா?

கொக்குவில் குசினி (திங்கள், இரவு 7.50)

செய்தேன். கையைச் சுட்டுக்கொள்ளவில்லை, ஆனால் மனைவியிடம் நல்ல பேச்சு வாங்கினேன்.

அரை லீற்றர்ப் போத்தல், தென்னை வினாகிரி, கடதாசித் துணுக்கில் சுற்றிய அப்பச்சோடா. சுற்றிப் போட்டால் கடதாசி நனையும்வரை சில நொடி கிடைக்கும். அதற்குள் தக்கையை அடைத்து, கவிழ்த்து வைத்துவிட்டு ஓடவேண்டும். முதல் முறை தக்கை தளர்வு, வினாகிரி முழுவதும் கீழே வடிந்தது. இரண்டாம் முறை இறுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. கிட்டப் போய் எட்டிப் பார்க்கலாமா என்று யோசித்து ஒரு அடி வைத்தேன், "டொப்" என்று கிளம்பி மதிலுக்கு மேலால் போனது. கண்ணுக்குள் தெறிக்காதது முன்னோர் செய்த புண்ணியம். பின்னே சட்டையில் மூன்று நாள் அச்சாறு வாசம்.

எப்போது கிளம்பும் என்று நமக்குத் தெரியாது. என் தீர்ப்பு: பிள்ளைகளுக்குக் கூடாது.

சுண்ணக்கட்டி (திங்கள், இரவு 8.30)

கொக்குவில்காரர் சொல்வது சரி. கணக்கையும் பார்த்துவிடலாம். வினாகிரியில் அசற்றிக் அமிலம் நூற்றுக்கு 5 என்று வைத்தால், 100 மில்லிலீற்றரில் 5 கிராம். அதற்கு 7 கிராம் அப்பச்சோடா போதும். ஏறத்தாழ 2 லீற்றர் காபனீரொட்சைட்டு வரும். அரை லீற்றர்ப் போத்தலுக்குள் 2 லீற்றர் வாயு அடைபட்டால் அமுக்கம் எவ்வளவு ஏறும் என்று பாருங்கள். ஏறும் வேகத்தையும் நிறுத்த முடியாது. திருகு மூடி போட்டு மூடினால் அது ரொக்கெட் இல்லை, குண்டு. யாரும் அப்படிச் செய்யவேண்டாம்.

கரண்டி கரண்டியாகச் சோடா கொட்டுகிறவர்களுக்கு ஒரு சொல்: மிஞ்சிய சோடா கரைந்து ஓடுமே தவிர ரொக்கெட்டைத் தள்ளாது. அமிலம் முடிந்தால் கதை முடிந்தது.

சைக்கிள் கடை (திங்கள், இரவு 9.40)

இவ்வளவு நேரமும் ஒருவரும் தண்ணீரைப் பற்றி வாய் திறக்கவில்லை. சோடாப் போத்தல், சைக்கிள் பம், தண்ணீர். வேறென்ன வேண்டும்? அமுக்கம் ஏற்றுவது உங்கள் கை. பம்மை நிறுத்தினால் அதுவும் நிற்கும். வினாகிரிக்கு அந்தப் புத்தி இல்லை.

நான் கடையில் செய்து பார்த்த முறையைச் சொல்கிறேன்.

போத்தல் ஒன்றரை லீற்றர், காஸ் உள்ள சோடா வந்த போத்தலாக இருக்கவேண்டும். வெறும் குடிதண்ணீர்ப் போத்தல் வேண்டாம், அதன் சுவர் கையால் அமத்தினாலே நெளியும். கீறல் விழுந்ததும் வெயிலில் கிடந்து வெளுத்ததும் வேண்டாம்.

தக்கைக்குக் கடை கடையாக ஏறி இறங்காதீர்கள். பழைய இறப்பர்ச் செருப்பின் தடித்த குதிப் பக்கத்தில் வட்டம் வட்டமாக மூன்று வெட்டுங்கள். போத்தல் வாயின் உள்விட்டம் 22 மில்லிமீற்றர் அளவில் வரும், வட்டம் அதைவிட ஒரு நூல் பெரிதாக இருக்கட்டும். நடுவில் துளை. பழைய ரியூபிலிருந்து வால்வை அடியில் ஒரு ரூபாய்க் குற்றியளவு இறப்பரோடு வெட்டி எடுத்து, மூன்று வட்டத்தையும் அதில் கோத்து, ஒட்டுப்போடும் சொலுசன் தடவி, மேலே வொஷர் வைத்து நட்டை இறுக்குங்கள். காய்ந்த பிறகு சீமெந்துத் தரையில் உரசிக் கொஞ்சம் கூம்பாக்குங்கள். மோட்டார் சைக்கிள் ரியூப் வால்வாக இருந்தால் இன்னும் நல்லது, கேஜ் வைத்து அமுக்கம் சதுர அங்குலத்துக்கு எத்தனை இறாத்தல் என்று பார்க்கலாம்.

பம்மின் குழாய் அரை மீற்றர்கூட வராது, அதுதான் தொல்லை. போத்தலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அடிக்கக்கூடாது. தோட்டத்துக்கு மருந்து தெளிக்கும் இயந்திரத்தின் அமுக்கக் குழாய் புதிதாக ஐந்து மீற்றர் வாங்கி இடையில் பூட்டுங்கள். புதிதாக என்று சொன்னேன். வெங்காயத்துக்குக் கிருமிநாசினி அடித்த பழைய குழாயைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

நிறுத்துவதற்கு நாலு அங்குலப் பி.வி.சி. குழாயை நீளவாட்டில் பாதியாகப் பிளந்து, பீலி மாதிரிச் சாய்த்து, இரண்டு சீமெந்துக் கல்லால் அண்டை கொடுங்கள். போத்தல் தலைகீழாக அதில் கிடக்கும். ஆட்கள் இல்லாத பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கட்டும்.

வால்வும் தக்கையும் என்னிடம் ஒன்று இருக்கிறது. தம்பி வந்து எடுத்துக்கொள்ளலாம். திருப்பித் தரவேண்டும்.

சுண்ணக்கட்டி (செவ்வாய், காலை 6.20)

சைக்கிள் கடையாரே, நீங்கள் வகுப்பறையில் இருந்திருக்கவேண்டியவர்.

ஏன் தண்ணீர் என்று பிள்ளைகள் கேட்பார்கள். காற்றை மட்டும் அடைத்துவிட்டால் வெளியே எறிவதற்கு நாலு கிராம் காற்றுத்தான் இருக்கிறது. எவ்வளவு வேகமாக எறிந்தாலும் நாலு கிராம் நாலு கிராம்தான். தண்ணீர் அரை லீற்றர் என்றால் அரைக் கிலோ. காற்று வில்லு, தண்ணீர் எறியப்படும் பொருள்.

30 இறாத்தல் அமுக்கத்தில் தண்ணீர் நொடிக்கு 20 மீற்றர் வேகத்தில் வெளியே வரும், மணிக்கு 72 கிலோமீற்றர். அரை லீற்றரும் பத்தில் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு மேலே போவதெல்லாம் வெறும் போத்தல், வாங்கிய வேகத்தில். கண்ணை இமைத்தால் உந்துகை முழுவதையும் தவறவிடுவார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு தண்ணீர் என்பதை நீங்கள் சொல்லாதீர்கள். அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

ஸ்காபரோ வாசி (புதன், அதிகாலை 2.50)

30 இறாத்தல் எல்லாம் என்ன கணக்கு? சோடாப் போத்தல் நூறுக்கு மேல் தாங்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தக்கைக்குப் பதிலாகக் கழுத்தைப் பிடிக்கும் கொளுவி போட்டு நூலால் இழுத்து விட்டால் 80, 90 வரைக்கும் அடிக்கலாம். தென்னை உயரம் இரண்டு மடங்கு போகும்.

சைக்கிள் கடை (புதன், காலை 7.30)

அண்ணை, புதுப் போத்தல் தாங்கும். நாலு முறை நிலத்தில் மூக்கு முட்டி விழுந்த போத்தல் எத்தனை தாங்கும் என்று யார் எழுதித் தருவது? தக்கையை நான் விரும்புவதற்குக் காரணமே அதுதான். கையால் அழுத்திய அளவுக்கு மேல் அது பிடித்து வைக்காது, 25, 30இல் தானாக வழுக்கிவிடும். கொளுவி அப்படி இல்லை. நூல் சிக்கிக்கொண்டால் அமுக்கத்தோடு நிற்கிற போத்தலுக்குக் கிட்ட யாரோ போகவேண்டும். யார் போவது, தரம் 4 பிள்ளையா?

ஒவ்வொரு போத்தலையும் விடுவதற்கு முன் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, தக்கையைக் கம்பியால் கட்டி, 60வரை அடித்துச் சற்று நேரம் விடுங்கள். உள்ளே காற்று அநேகமாக இல்லை என்பதால் வெடித்தாலும் தண்ணீர்தான் பீறும். அதில் தப்பினால் 30க்கு நம்பலாம். இது பெரியவர் வேலை.

வாசிகசாலைத் தம்பி (ஞாயிறு, இரவு 7.15)

முதல் சோதனை முடிந்தது. பலூன் வெற்றி, 7 வயதுக்காரர்கள் வீட்டுக்குப் போக மறுத்துவிட்டார்கள். தண்ணீர் ரொக்கெட் அவமானம்.

கிளம்பியதில் குறையில்லை. ஒரு "புஸ்", அடிக்கால் தண்ணீர்த் தூண், பிள்ளைகளின் கூச்சல். பத்தடி போனதும் குறுக்கே திரும்பி, குத்துக்கரணம் அடித்து, பக்கத்துத் தோட்டத்து வெங்காயப் பாத்திக்குள் போய் விழுந்தது. மூன்று முறையும் அதே கதை. தடித்த மட்டையில் நாலு வால் வெட்டி ஒட்டியிருந்தோம். முதல் ஏவலிலேயே நனைந்து அப்பளம் மாதிரிச் சுருண்டுவிட்டது. 11 வயதுப் பையன் ஒருவன் "அடிப்பக்கம் பாரம் வைத்தால் நேராக நிற்கும், தஞ்சாவூர்ப் பொம்மை அப்படித்தானே" என்று சொன்னான். கழுத்துக்குக் கிட்டக் களிமண் வைத்தோம். இன்னும் மோசம்.

வடமராட்சி விண் (ஞாயிறு, இரவு 8.50)

இழையை முதல் நாளிலிருந்து வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பட்டக்காரனுக்கு இங்கே என்ன வேலை என்று பேசாமல் இருந்தேன். இப்போது வேலை வந்திருக்கிறது.

வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பொங்கலுக்கு ஏறும் பட்டங்களைப் பார்த்தவர்கள் கொக்குப் பட்டத்தையும் பிராந்துப் பட்டத்தையும் பார்ப்பார்கள், பட்டத்தில் பூட்டிய விண் கூவுவதைக் கேட்பார்கள். கட்டுகிறவன் பார்ப்பது முச்சையையும் (நூலைப் பட்டத்தோடு பிணைக்கும் கட்டு) வாலையும். முச்சை பிழைத்தால் பட்டம் குத்தும். வால் குறைந்தால் சுற்றும். உங்கள் போத்தல் சுற்றுகிறது என்றால் நோய் ஒன்றுதான்: பாரம் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை, காற்றுப் பிடிக்கவேண்டிய இடத்தில் பிடிக்கவில்லை.

ஈர்க்கு வாணத்தைப் பாருங்கள். மருந்துக் குழல் விரலளவு, ஈர்க்கு ஒரு முழம். ஈர்க்கை ஒடித்துவிட்டுப் பற்றவைத்த ஒரு மடையனை எனக்குத் தெரியும் (நான்தான், வயது 12). அது வேலிக்குள்ளும் வீட்டுக்குள்ளும் ஓடியது. ஈர்க்கு அழகுக்கு இல்லை. பின்னால் நீண்டு நின்று காற்றைப் பிடித்து, தலையை முன்னால் வைத்திருக்கிறது.

ஆகவே பாரம் மூக்கில், வால் அடியில். ஐம்பது கிராம் களிமண்ணைப் பொலித்தீனில் பொதிந்து மூக்குப் பக்கம் வையுங்கள். வாலுக்கு மட்டை வேண்டாம், பழைய பிளாஸ்டிக் கோப்பு அட்டை வெட்டுங்கள், நனையாது. மூன்று போதும், நாலு என்றாலும் பிழையில்லை, ஆனால் எல்லாம் ஒரே அளவாக, நேராக இருக்கவேண்டும். ஒன்று சரிந்தால் பம்பரம். கழுத்துப் பக்கத்தோடு ஒட்டி, கழுத்தையும் தாண்டிச் சற்றுக் கீழே நீளட்டும்.

பறக்கவிட முன் சரியா என்று பார்க்கலாம். தண்ணீர் இல்லாமல் போத்தலை விரலில் வைத்துச் சமனாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் நூல் கட்டித் தலைக்கு மேலே சுற்றுங்கள். மூக்கு முன்னால் போனால் நல்ல ரொக்கெட். பக்கவாட்டாகவோ பின்பக்கமாகவோ போனால் வாலைப் பெரிதாக்குங்கள் அல்லது மூக்கில் இன்னும் கொஞ்சம் மண். இரண்டு நிமிட வேலை, மூன்று ஏவல் மிச்சம்.

சுண்ணக்கட்டி (ஞாயிறு, இரவு 9.35)

இதற்கு மேல் நான் என்ன சொல்ல! ஒரு சின்னச் சேர்க்கை மட்டும். ரொக்கெட்டின் பக்கத் தோற்றத்தை வாலோடு சேர்த்து ஒரு மட்டையில் வெட்டுங்கள். அந்த மட்டை விரலில் சமனாக நிற்கும் இடம்தான், ஏறத்தாழ, காற்றுத் தள்ளும் மையம். உண்மையான ரொக்கெட்டின் பார மையம் அதற்கு முன்னால், குறைந்தது போத்தலின் விட்டமளவு, 9 சென்ரிமீற்றர், தள்ளி இருக்கவேண்டும். தரம் 8 பிள்ளைகள் செய்வார்கள்.

அடியில் பாரம் வைக்கச் சொன்ன பையனைக் கேலி செய்யவேண்டாம். அவனுக்கு நல்ல துணை இருக்கிறது. நான் முன்பு சொன்ன அதே கொடார்ட், 1926 மார்ச் 16 அன்று உலகின் முதல் திரவ எரிபொருள் ரொக்கெட்டை ஏவியபோது இயந்திரத்தை உச்சியிலும் தாங்கிகளைக் கீழேயும் வைத்திருந்தார். கீழே பாரம் தொங்கினால் ஊசல் மாதிரி நேராக நிற்கும் என்பது கணக்கு. இரண்டரை நொடி பறந்து 12 மீற்றர் உயரம் போய் விழுந்தது. பிறகு அவரே அந்த அமைப்பைக் கைவிட்டார். ஊசலுக்கு மேலே ஆணி இருக்கிறது, ஆணி அசையாது. ரொக்கெட் சரிந்தால் அதைத் தள்ளும் விசையும் கூடவே சரிந்துவிடும். தஞ்சாவூர்ப் பொம்மைக்கு நிலம் இருக்கிறது. ரொக்கெட்டுக்கு நிலம் இல்லை.

கொக்குவில் குசினி (திங்கள், காலை 8.00)

மூக்குக்குக் களிமண் எதற்கு? ஒரு குரும்பையைச் செருகிவிட்டால் கூம்பும் ஆச்சு, பாரமும் ஆச்சு.

கறிவேப்பிலை (திங்கள், காலை 8.20)

அண்ணா, இருபது மீற்றரிலிருந்து குரும்பை யார் தலையில் விழும்? தென்னைக்குக் கீழே பாயை விரித்துப் படுப்பீர்களா?

வடமராட்சி விண் (திங்கள், காலை 9.10)

தங்கச்சி சொல்வது சரி. அந்த உயரத்திலிருந்து விழும் பொருள் காற்றுத் தடுக்காவிட்டால் மணிக்கு 70 கிலோமீற்றரில் வந்து சேரும். கூர் மூக்கும் வேண்டாம், வன்மூக்கும் வேண்டாம். பழைய பந்தொன்றைப் பாதியாக வெட்டி, களிமண்ணை உள்ளே வைத்துக் கவிழ்த்து ஒட்டுங்கள்.

வாசிகசாலைத் தம்பி (ஞாயிறு, இரவு 8.05)

இன்றைய அறிக்கை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமையே நூல் கட்டிச் சுற்றிப் பார்த்தோம். முதலில் போத்தல் குறுக்காகத்தான் சுற்றியது. களிமண்ணைக் கூட்டக் கூட்ட மெல்ல மெல்ல மூக்கு முன்னால் வந்தது. பிள்ளைகள் அதையே அரை மணித்தியாலம் விளையாடினார்கள். பறக்கவிடுவதைவிட அது பிடித்துப்போய்விட்டதோ என்று பயந்தேன்.

இன்று வாசிகசாலை முற்றத்துச் சீமெந்துத் தரையில் பீலியை வைத்தோம். பம் அடிப்பவர் தவிர எல்லோரும் பத்து மீற்றருக்கு அப்பால், கயிற்றுக்குப் பின்னால். பம் அடித்தது நான், மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் போட்டு, கண்ணாடியை இறக்கிக்கொண்டு. 13 வயதுக்காரன் பாகைமானியில் நூலும் நட்டும் கட்டி, இருபது மீற்றர் தள்ளி நின்று கோணம் பார்த்தான்.

கெற்றப்போல் என்று சொன்ன அதே பிள்ளையிடம் தண்ணீர் அளக்கும் பொறுப்பைக் கொடுத்தேன். "ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றலாம்" என்று மற்றவர்களை அதட்டிக்கொண்டு நின்றாள், இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தண்ணீர் இல்லாமல் விட்டது மதில் உயரம் போய் விழுந்தது. மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், சோம்பல் பிடித்தது மாதிரி எழும்பிப் பாதித் தண்ணீரோடு சரிந்தது. மூன்றில் ஒரு பங்கு, நேராக, முருங்கையைத் தாண்டி, வாசிகசாலைக் கூரையைத் தாண்டிப் போனது. கோணம் 40 பாகை. தாளில் கணக்குப் போட்டார்கள்: ஏறத்தாழ 17 மீற்றர், பையனின் கண் உயரத்தையும் சேர்த்தால் 18. கால் பங்கும் விட்டுப் பார்த்தோம், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆறாவது ஏவலில் பனை வட்டுக்குள் போய்ச் செருகிக்கொண்டது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

சத்தம்: "பொக்" என்று தக்கை, பிறகு ஒரு சீறல். அவ்வளவுதான்.

ஆனால் நாங்கள் கவனிக்காத ஒன்று நடந்துவிட்டது. பக்கத்து வளவு அம்மம்மா, வெயில் நல்லது என்று காலையிலேயே முற்றத்து ஓரத்தில் பாய் விரித்து ஒடியல் (பிளந்த பனங்கிழங்கு) காயப்போட்டிருக்கிறார். மூன்றாவது ஏவலில் பாதித் தண்ணீர் அந்தப் பாயில். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். எனக்கு நெஞ்சு பகீர் என்றது. வந்தவர் போத்தலைப் பார்க்கவில்லை, பாயைப் பார்த்தார். எங்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, பனங்கிழங்கு கிண்டுவது எவ்வளவு பாடு என்று பத்து நிமிடம் ஏசினார். பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு போகாமல், வாசிகசாலைத் திண்ணையில் இருந்து மிச்சம் மூன்றையும் பார்த்தார். பனையில் செருகியதும் "இறக்கிறதுக்கு ஆளைப் பிடியுங்கோ" என்றார்.

கறிவேப்பிலை அக்கா, நனைந்த ஒடியல் பழுதாகிவிடுமா? ஈடு கட்டவேண்டுமென்றால் வாங்கிக் கொடுக்கிறேன்.

கறிவேப்பிலை (ஞாயிறு, இரவு 8.30)

தெறித்த தண்ணீர்தானே, ஊறவில்லையே? நாளை ஒரு வெயில் நன்றாகக் காட்டச் சொல்லுங்கள், பூஞ்சணம் பிடிக்காது. எப்படியும் மாவைக் கசப்புப் போகத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துதானே கூழ் காய்ச்சுகிறோம். வாங்கிக் கொடுக்கவேண்டாம், கோபித்துக்கொள்வார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாயைப் பிரட்டிக் கொடுங்கள்.

சுண்ணக்கட்டி (ஞாயிறு, இரவு 8.50)

அந்தத் தண்ணீர் அளந்த பிள்ளை, கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் ஏன் வித்தியாசம் தெரியவில்லை என்று கேட்டாளா? கேட்டால் உடனே பதில் சொல்லாதீர்கள். ஒரே அளவுத் தண்ணீரில் மூன்று முறை விட்டு, மூன்றும் ஒரே உயரம் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தக்கை ஒவ்வொரு முறையும் ஒரே இறாத்தலில் வழுக்குவதில்லை.

வாசிகசாலைத் தம்பி (ஞாயிறு, இரவு 9.00)

கேட்டாள் மாஸ்டர். அதற்கும் சுண்டல்தான் கொடுத்து அனுப்பினேன். அடுத்த ஞாயிறு கேஜ் வைத்துப் பார்க்கிறோம்.

சைக்கிள் கடை (ஞாயிறு, இரவு 9.15)

கேஜ் தருகிறேன். என் தக்கை எங்கே? அது நிலத்தில் இருக்கிறதா, பனையில் இருக்கிறதா?

வாசிகசாலைத் தம்பி (ஞாயிறு, இரவு 9.20)

நிலத்தில்தான் அண்ணை. மேலே இருப்பது போத்தல் மட்டும்.